கவிழ்க்காத அடுக்கு

2004 ஜனவரி 12, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. மூடுபனி. எங்கள் பகுதியான மெட்டுகுடாவில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

என் மனைவிக்கு நான்கு இரவுகளாகப் படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணைகளைச் சுவரில் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். பென்ஷன்காரர்களுக்கான இலவச டிஸ்பென்சரிக்கு டாக்டர் திங்களும் வியாழனும்தான் வருவார், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. இன்று விட்டால் இன்னும் மூன்று இரவுகள்.

நிற்க முடியாதவர்கள் நாங்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வந்ததும் மருத்துவப் புத்தகத்தை ஜன்னலில் வைப்போம். அடுத்து வருபவர் தன்னுடையதை அதன்மேல் வைப்பார். எட்டரைக்கு ஊழியர் அடுக்கைக் கவிழ்த்து எடுப்பார், முதலில் வந்தவர் மேலே வந்துவிடுவார். அன்று அடியில் இருந்தது என் மனைவியின் புத்தகம்.

பெஞ்சில் அவள் என் தோளில் சாய்ந்தாள். புத்தகங்களை எண்ணினேன்: ஏழு, பதினாறு, முப்பத்தெட்டு. பிறகு அவள் மூச்சை எண்ணினேன். பனிக்குள்ளிருந்து மப்ளர் கட்டிய தலைகள் உடலில்லாமல் மிதந்து வந்தன. எங்கோ ரயில் எஞ்சின் நகர, பெஞ்சும் கூடவே நகர்ந்தது. எதிர் இருக்கையில், ஜன்னலோரம், அவள் மூச்சிரைக்காமல் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

விழித்தபோது, கடைசியாக வந்த குரங்குத் தொப்பிக்காரர் முதல் ஆளாக உள்ளே போய்க்கொண்டிருந்தார். அதையும் கனவென்றே நினைத்தேன். மூன்றாவது ஆள் போனபிறகுதான் எழுந்துபோய் ஜன்னலில் சத்தம் போட்டேன். ஊழியர் புதியவர். அடுக்கைக் கவிழ்க்கவில்லை.

"கைக்கு சத்தம், தாத்தா?" என்றார்; உள்ளூர் உருதுவில் ஏன் என்பது கைக்கு. "மேலேயிருந்து வரிசையா எழுதினேன். நம்பர் போட்டாச்சு, இனி மாத்துறது நக்கோ."

"என் நம்பர்?"

"முப்பத்தெட்டு."

குரங்குத் தொப்பிக்காரர் அருகில் வந்தார். "எழுப்பலாம்னுதான் வந்தேன் சார். ரெண்டு பேரும் அவ்வளவு நிம்மதியா தூங்கிட்டிருந்தீங்க."

"ஊர்ல உள்ளதெல்லாம் எண்ணுவீங்க," என்றாள் மனைவி, மூச்சு வாங்க. "இன்னிக்குப் பார்த்துதானா கண்ணசரணும்?"

இடம் விட்டுக்கொடுங்கள் என்று யாரிடம் கேட்பது? எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். பன்னிரண்டுக்கு டாக்டர் எழுந்துவிட்டார். முப்பத்துமூன்று பேருக்கு முடிந்திருந்தது. ஐந்து புத்தகங்கள் திரும்பி வந்தன.

வியாழன்வரை என்னால் எண்ண முடியாது. ஆட்டோ பிடித்துத் தனியார் டாக்டரிடம் போனோம். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். அதை வடிக்க ஊசி போட்டார்.

மாலை ஐந்துக்கு அவள் ஒற்றைத் தலையணையில், நீட்டிப் படுத்துத் தூங்கினாள். அவள் மூச்சை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ஆட்டோ, டாக்டர், ஈசிஜி, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.