எஸ்தர் அக்கா வழுக்கி விழல

எஸ்தர் அக்கா இன்னிக்கு காலைல செத்துட்டாங்க.

பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கன்னு அவங்க புருஷன் ஊட்டு ஆளுங்க ஸ்டேட்டஸ் வெச்சிருக்காங்க. பொய். அவன் அடிச்சே கொன்னான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கார் ஒயரிங் கம்பெனில வேலை எங்களுக்கு. ஆறு வருஷமா ஒரே லைன், பக்கத்து பக்கத்து டேபிள்.

ஒரு தடவை கம்பெனி பஸ்ல ஒருத்தன் என் மேல கை வெச்சான். அக்கா எழுந்து வந்து டிபன் பாக்ஸாலயே அவன் மூக்குல விட்டாங்க ஒண்ணு. சட்டை முழுக்க ரத்தம். "இன்னாடி அழுவுற? நீயும் ஒண்ணு குடு"ன்னாங்க... குடுத்தேன்.

அக்காவுக்கு இதயத்துல வால்வு மாத்தின ஆபரேஷன் ஆயிருந்துச்சு. ரத்தம் உறையாம இருக்க தினம் மாத்திரை. விரல்ல ஒயர் கீறினாகூட ரத்தம் நிக்க நேரமாவும்.

மூணு மாசமா கடவாப் பல்லு வலி. கன்னம் வீங்கி, கஞ்சி மட்டும் குடிச்சிக்கினு வேலைக்கு வந்தாங்க.

பல் டாக்டர் தொடல. "வால்வு வெச்சிருக்கீங்க, பல்லுல இருக்கற கிருமி அங்க போய் உக்காந்துக்கும். மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. ஹார்ட் டாக்டர் கிட்ட லெட்டர் வாங்கினு வாங்க, சனிக்கிழமை எடுத்துடலாம்"ன்னார். சரியாதான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் லீவ் போட்டு, லோக்கல் ட்ரெயின்ல சென்னை போய் லெட்டர் வாங்கினோம். திரும்பி வரும்போது அதைப் பிரிச்சு பிரிச்சுப் பார்த்து சிரிச்சாங்க. "சனிக்கிழமை புடுங்கிட்டா, அடுத்த வாரம் எலும்பு கடிக்கிறேன் பாருடி."

புதன்கிழமை காலைல பஸ்ஸுக்கு வரல. போனும் எடுக்கல. ஊட்டுக்கு ஓடினேன்... கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பா போட்டிருந்துச்சு.

தொறந்தா, அக்கா தரையில உக்காந்துக்கினு இருக்காங்க. முன்னாடி பக்கெட்டு. அதுல ரத்தம். கிழிச்சுப் போட்ட லெட்டர் சுத்தி கெடக்குது.

வீங்கின கன்னத்துலயே குத்தியிருக்கான். ரெண்டு பல்லு உடைஞ்சிருச்சு. தலையை சுவத்துல மோதிட்டு, வெளிய தாழ்ப்பா போட்டுட்டு வேலைக்குப் போயிட்டான்.

ஆஸ்பத்திரில அக்கா வாய் நிறைய பஞ்சு. போலீஸ் கேட்கும்போது மாமியார் முந்திக்கினு "பாத்ரூம்ல வழுக்கி..."ன்னு ஆரம்பிச்சாங்க.

அக்கா என் போனைப் புடுங்கினாங்க. டைப் பண்ணி, போலீஸம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

"விழல. சென்னைக்கு எவன்கூட போனன்னு கேட்டு கேட்டு புருஷன் அடிச்சான். எழுதிக்கோ."

சாயங்காலம் நினைவு போச்சு. தலைக்குள்ளயும் ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க. அப்புறம் கண்ணே தொறக்கல.

அவன் இப்ப உள்ள இருக்கான். என் கையில கெடைச்சிருந்தா அவன் வாயில ஒரு பல்லு மிச்சம் இருந்திருக்காது. இதைப் படிக்கிற அவன் சொந்தக்காரங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். நம்ம லைன் மொத்தமும் வரோம்க்கா... பெட்டியை நாங்க பொம்பளைங்கதான் தூக்குறோம்.