பத்தொன்பது கல்லும் கேற்றடிக் கல்லும்

கனகாம்பிகை அக்காவைப் பற்றி எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று என் மனைவி சிவமலர் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். அக்கா எட்டு வருடமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்ததை அரை மணித்தியாலத்தில் பிடுங்கி அடுப்பு மூட்டியவன் நான். ஆனால் அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் நின்று பார்த்தவனும் நான்தான். வேறு யார் எழுதுவது?

அக்கா சீமையில், எட்மண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தார். எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். கல்யாணம் கட்டவில்லை. தையல் ஃபக்டரி ஒன்றில் உடுப்புக்கு மாதிரிக் கடதாசி வெட்டுகிற வேலை. சனி ஞாயிறில் எங்கள் பெண்களுக்குச் சாறிச் சட்டை தைப்பார். கழுத்தில் அளவு நாடா தொங்காத நேரம் குறைவு. ஆளை ஒருமுறை பார்த்தால் போதும், தோள் எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். நாற்பது, நாற்பது என்று நான் சாதித்துக்கொண்டிருந்த என் இடுப்பை, "நாற்பத்து மூண்டரை, தம்பி" என்று கோயில் வாசலில் பத்துப் பேருக்குக் கேட்கச் சொன்ன மனுசி.

எண்பத்தாறில் நாட்டின் வடகோடியில், இன்வெர்னஸில், ஒரு டொக்டர் வீட்டில் பெரியபிள்ளையான மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. தைத்த சட்டைகளோடு அக்கா வானில் போனார். வான் நடுவழியில் நின்றுவிட்டது. ஐந்து மணித்தியாலம். மற்றவர்கள் குளிரைத் திட்டிக்கொண்டு உள்ளே இருக்க, அக்கா இறங்கி நடந்தார். அந்தப் பள்ளத்தாக்குக்குக் கிளென் அஸ்கில் என்று பெயர். இரண்டு பக்கமும் ஊதாப் பூப் பூத்த மலை. நடுவில் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் ஓர் ஆறு. இப்போது வெயில் அடிக்கும்; திரும்பிப் பார்த்தால் மலையே இருக்காது, முகில் மூடிவிடும். புல்வெளியின் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே ஐந்து கல் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதற்கப்பால் வீடளவில் ஒரு கற்குவியல்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வருடம் தவறாமல் ஜூலையில் ஒரு கிழமை லீவு எடுத்து, தூரப் பயணக் கோச்சும் உள்ளூர் பஸ்சுமாக மாறி மாறி, தனியாக அங்கே போவார். "கட்ட ஒரு ஆள் கிடைக்கேல்லை எண்டு கல்லைப் பாக்கப் போறா" என்று சனம் வாய்கூசாமல் பேசியது. நானும் பேசினேன், ஏன் மறைக்க வேண்டும்? அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தார். அந்தக் கற்குவியல் நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கல்லறை என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆற்றிலிருந்து ஒவ்வொரு கல்லாகத் தோளில் சுமந்து வந்து, தங்கள் ஆட்களை உள்ளே கிடத்தி, மேலே அடுக்கியிருக்கிறார்கள். "இரும்பு எண்டால் என்னெண்டு தெரியாத சனம். ஆனால் ஒரு கல் மற்றக் கல்லோட எப்பிடிப் பொருந்தும் எண்டு தெரிஞ்சிருக்கு, தம்பி" என்பார். சொல்லும்போது முகம் மலர்ந்துபோகும்.

முதல் மூன்று வருடமும் அவர் புல்வெளியின் இரும்புக் கேற்றுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார். நிலம் எட்வேட் என்ற கிழவருடையது. செம்மறி வளர்க்கிறவர், அதிகம் பேசாதவர். மழையில் நனைந்தபடி வருடா வருடம் வந்து நிற்கிற சாறிக்காரியைப் பார்த்து அவருக்கே பொறுக்காமல், எண்பத்தொன்பதில் கேற்றுப் பூட்டைத் திறக்கிற திறப்பு ஒன்றை நீட்டினாராம். அக்கா அதை அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்துக் கொழுவி வைத்தார். அதற்குப் பிறகு உள்ளே போய், ஃபக்டரியில் மிஞ்சிய மாதிரிக் கடதாசியை விரித்து, அளவு நாடாவைப் பிடித்து, கல்லறையின் முன்பக்கத்துக் கற்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் இலக்கம், அகலம், உயரம். பார்த்தால் ஒரு பெரிய சட்டைக்கு வெட்டி வைத்த துண்டுகள் மாதிரி இருக்கும்.

தொண்ணூற்று நான்கிலும் எங்கள் ஊர்ச் சங்கம் வழக்கம்போலக் கோச் பிடித்தது. ஒவ்வொரு கோடையிலும் நாற்பது பேர், ஒரு பெரிய கிடாரம், சமையல் சாமான். எங்கே நிற்கிறோமோ அங்கே ஆட்டிறைச்சிக் கறி. அது எங்கள் வழக்கம், கறிக்குப் பொறுப்பு நான். அந்த முறை கிளென் அஸ்கிலுக்குப் போவோம் என்று அக்கா கேட்டார். எட்வேட்டுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வரியில் பதில் வந்தது: வாருங்கள், நீங்கள்தான் பொறுப்பு. அக்கா அதைச் சங்கக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, "என்ர திறப்பு உங்கட கையில இருக்கு, பாத்து நடவுங்கோ" என்றார். ஓம் ஓம் என்று தலையாட்டினோம்.

கோச்சில் மைக்கைப் பிடித்து அந்தக் கற்களைப் பற்றி எல்லாம் சொன்னாராம். விடிய நாலு மணிக்கு எழும்பி இறைச்சி வெட்டிய நான் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை. அங்கே போனதும் அக்கா சனத்தைக் கூட்டிக்கொண்டு நிற்கிற கல் ஐந்தையும் காட்டப் போய்விட்டார். எனக்குக் கறி அவசரம். காற்றென்றால் பேய்க்காற்று. பக்கத்தில் ஒரு கற்குவியல், நல்ல தட்டைக் கல், றோட்டு வேலைக்காரர் கொட்டிவிட்டுப் போனது மாதிரி. அக்கா சொல்லுகிற கல்லறை கோயில் மாதிரி எடுப்பாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டு அடுப்புக்கு ஆறு, காற்று மறைப்புக்குப் பதின்மூன்று. நெருப்பு பிடித்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் வந்தது எட்வேட்தான். கிழவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. அடுப்பைப் பார்த்தார், குவியலில் விழுந்திருந்த ஓட்டையைப் பார்த்தார், ஒரே ஒரு சொல் சொன்னார். கள்ளர். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா கைப்பையைத் திறந்து, திறப்பை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"அக்கா, சும்மா கல்லெண்டு நினைச்சிட்டன்..."

"அழுறதெண்டால் பிறகு அழு. கிடாரத்தை இறக்கு, தண்ணி ஊத்தி நெருப்பை நூர். ஒரு கல்லும் இனி அசையக் கூடாது, நான் சொல்லுமட்டும்."

எட்வேட்டிடம் பொழுது சாயும்வரை நேரம் கேட்டார். கிழவர் மதிலில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அக்கா பையிலிருந்த கடதாசிச் சுருளைப் புல்லில் விரித்து நாலு மூலைக்கும் நாலு செருப்பு வைத்தார். நாடாவை எடுத்தார். கிடந்த கற்களை ஒவ்வொன்றாக அளந்து, கடதாசியைப் பார்த்து, இலக்கம் சொன்னார்.

"இது அறுபத்திரண்டு. தலைகீழாப் பிடிக்கிறாய், திருப்பு. உள்ளுக்குத் தள்ளு. இன்னும். ஆ, விடு."

விட்டேன். கல் போய்ப் பொருந்தின சத்தத்திலேயே தெரிந்தது, அதுதான் அதன் இடம். சட்டைக் கை தோளில் வந்து இருக்கிற மாதிரி. பத்தொன்பதும் அப்படித்தான் இருந்தன. நான்கு மணித்தியாலம், ஒரு கல்கூடப் பிழைக்கவில்லை. நான் என் வாழ்க்கையில் கெட்டிக்காரர் பலரைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பொம்பிளையைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

கடைசிக் கல்லை வைத்த பிறகும் கல்லறை வாசல் பக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. நான் குனிந்து கடதாசியைப் பார்த்தேன். அந்த இடத்தில் புள்ளிப் புள்ளியாக வரைந்த ஒரு கல், இலக்கம் ஐம்பத்தெட்டு. பக்கத்தில் பென்சிலால் "கேற்றடி" என்று தமிழில் எழுதியிருந்தது. கேற்றைத் திரும்பிப் பார்த்தேன். அதன் கனத்த இரும்பு நுனி தொய்ந்து விழாமல் ஒரு தட்டைக் கல்லின் மேல் இருந்தது. வெளியே நின்ற மூன்று வருடமும் அக்காவின் காலடியில் கிடந்த கல்.

எனக்கு இரத்தம் கொதித்தது. "எங்களைக் கள்ளர் எண்டவர்! இந்தக் கிழவற்ற கேற்றுக்குக் கீழ கிடக்கிறது என்னவாம்? கேக்கட்டோ?"

"வாயைப் பொத்து. அவற்ற தகப்பன் வைச்சதாயிருக்கும். எனக்கு அஞ்சு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"கேற்றைத் திறந்து விட்ட மனிசனிட்ட அதைப் போய்க் கேக்க ஏலுமே?"

நாங்கள் பேசியது எட்வேட்டுக்கு விளங்கியிருக்காது. ஆனால் எங்கள் தலைகள் திரும்பியதைப் பார்த்துவிட்டார். மெதுவாக வந்து கடதாசி மேல் குனிந்தார். விரல் நிரையாக நகர்ந்து, புள்ளிக் கல்லில் வந்து நின்றது. பிறகு தன் கேற்றைப் பார்த்தார்.

போய், கல் நெம்புகிற அலவாங்கு ஒன்றோடு வந்தார். அவரும் நானும் கேற்றடிக் கல்லைக் கிளப்பிச் சுமந்து வந்தோம். அக்கா நாடாவை வைத்து அளக்கவேயில்லை. "இடப்பக்கம்" என்று மட்டும் சொன்னார். கல் போய்ப் பொருந்தியது. விரல் நுழைய இடமில்லை. அக்கா முகத்தைச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பகல் முழுக்க அழாத மனுசி.

கேற்றுக்குக் கல் போய்விட்டதல்லவா, நுனி ஒரு சாண் தொய்ந்து மண்ணில் குத்தியது. நாங்கள் கோச்சில் ஏறப் போகையில் கிழவர் பூட்டிப் பார்த்தார். நாதாங்கி எட்டவில்லை. தூக்கிப் பிடித்தும் எட்டவில்லை. திறப்பைப் பொக்கெற்றில் போட்டார். கொட்டிலில் இருந்து ஒரு கயிற்றை எடுத்து வந்து கேற்றைத் தூணோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, மெதுவாக, அவர் பார்க்கும்படி மறுபடி போட்டுக் காட்டினார்.

அக்கா ஒருமுறைதான் பார்த்தார். கயிற்றை வாங்கித் தானே அவிழ்த்தார், தானே கட்டினார்.