செவலை குரைத்த நாள்

தூளிக் கயிற்றை ஒரு கையால் ஆட்டியபடியே, அடியில் படுத்திருக்கும் நாயை இடது காலால் நெட்டித் தள்ளுவாள் சண்முகப்பிரியா. "எந்திரிச்சுப் போ செவலை. புள்ளை மேலெல்லாம் உன்ற மசுருதான்." நாய் எழுந்து உடம்பை உதறிவிட்டு வாசற்படி வரை போகும். அவள் தறிப் பட்டறைக்குள் நுழைந்ததும் திரும்பி வந்து அதே இடத்தில் சுருண்டுகொள்ளும்.

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊரில் அவர்கள் வீட்டின் பாதி, பட்டறைதான். அவளும் கணவன் மோகன்குமாரும் மாறி மாறி விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்வார்கள். அந்த இரைச்சலில் பிழைப்பவர்கள் எல்லோரையும்போல அவளும் கத்தித்தான் பேசுவாள். பேருந்திலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். யாராவது முகம் சுளித்தால், "மெதுவாப் பேசுனா எனக்குப் பேசுன மாதிரியே இல்லீங்க" என்று சிரிப்பாள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் தமிழினி. அவளுக்கு முன்பே வந்துவிட்டது செவலை, மழைக்குப் பட்டறையில் ஒதுங்கிய குட்டியாக. சண்முகப்பிரியா அதற்குச் சோறு வைப்பாள்; தொடமாட்டாள். குழந்தைக்கோ அதுதான் உலகம். தவழக் கற்றதும் முதலில் போய்ச் சேர்ந்தது நாயிடம்தான். காதைப் பிடித்து இழுப்பாள், வாய்க்குள் கைவிடுவாள். செவலை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்.

பட்டறைக்கு வருகிறவர்கள் தூளியை எட்டிப் பார்த்து ஒன்றையே சொன்னார்கள். "இத்தனை சத்தத்துலயும் என்னமாத் தூங்குது பாரு. தறிக்காரன் ஊட்டுப் புள்ளைன்னா இதுதான் சாமி!" அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை பிடிபடாது.

ஒரு மத்தியானம் மின்சாரம் போய்த் தறிகள் நின்றன. குழந்தை நாயின் விலாவில் சாய்ந்து அதன் வாலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கதவைத் தட்டினார். செவலை கிடந்த இடத்திலேயே தலையைத் தூக்கிக் குரைத்தது. அடுப்படியிலிருந்த சண்முகப்பிரியாவே திடுக்கிட்டுக் கரண்டியை நழுவவிட்டாள். குழந்தையின் காதுக்கும் நாயின் வாய்க்கும் ஒரு சாண்கூட இல்லை. தமிழினி வாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாயின் விலா அதிர்வதை முதுகில் உணர்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தாள்.

சண்முகப்பிரியா குழந்தைக்குப் பின்னால் போய் நின்று, "சாமி" என்றாள். மறுபடி கூப்பிட்டாள். பிறகு அலறினாள்.

"என்னாச்சுங்கம்மா?" என்று பதறினார் சிலிண்டர்காரர்.

திரும்பிப் பார்த்தது நாய் மட்டும்தான்.

மோகன்குமார் நம்பவில்லை. "தறிச் சத்தத்துல பழகுன காது, பிரியா. போகப்போகச் சரியாயிரும்."

"பழகுன காதில்லீங்க. கேக்காத காது." கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு தணிந்த குரலில் பேசி அவன் கேட்டதில்லை.

சேலத்தில் பரிசோதித்த மருத்துவர் இரண்டு காதும் கேட்கவில்லை என்றார். "இத்தனை மாசமா கவனிக்கலையாம்மா?" என்று அவர் கேட்டார். பட்டறைக்கு வந்தவர்கள் சொன்னதும், தான் பூரித்துப்போனதும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தின.

ஒன்றரை வயதில், காது கேட்கவைக்கும் கருவியை உள்ளே பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. காயம் ஆறியபின் வெளிக்கருவியை மாட்டினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் நுனியில், காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொள்ளும் வட்டமான வில்லை. அது ஒட்டியிருக்கும்வரைதான் காது கேட்கும். "தூங்குற நேரம் தவிர எப்பவும் போட்டிருக்கணும்மா" என்றார்கள். அந்தச் சொல்லை அவள் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது வாசலில் செவலை ஆசையாகக் குரைத்தது. தமிழினியின் முகம் கோணியது. வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கேக்குது பிரியா! புள்ளைக்குக் கேக்குது!" மோகன்குமார் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான்.

அதன்பிறகு குழந்தை நாயிடம் போகவில்லை. தரையில் அதன் நகம் உரசினாலே உதடு பிதுங்கியது. மோகன்குமார் அதைக் கொல்லையில் கட்டிவைத்தான். கட்டிப் பழக்கமில்லாத நாய், சங்கிலி எட்டும் மட்டும் வந்து வாசற்பக்கம் பார்த்து நிற்கும். குரைப்பதையே விட்டுவிட்டது. தமிழினியும் கொல்லைக் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்பாள். ஒரு அடி எடுத்து வைப்பாள். நாய் அசைந்தால் சங்கிலி கலகலக்கும். அழுதுகொண்டு உள்ளே ஓடிவந்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் தறிகளை நிறுத்திவிட்டு சண்முகப்பிரியா கொல்லைக்குப் போனாள். செவலையை அவிழ்த்துவிட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நாய் தயங்கித் தயங்கி வந்து, சற்றுத் தள்ளியே நின்று முனகியது. குழந்தை விசும்பத் தொடங்கினாள்.

சண்முகப்பிரியா ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மகளின் தலைமுடியை மெல்ல விலக்கி, வில்லையைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.