துண்டுக்கு வெளியே பேசியவர்

வக்கீல் அனந்தராமன் காலமான செய்தி வந்தபோது, நான் எங்கள் மலையாளப் பக்கத்துச் சித்தூர் கோர்ட்டில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். குமாஸ்தா அருகில் வந்து காதோடு சொன்னார். காதோடு சொல்லப்படும் எதுவும் அனந்தராமனுக்குப் பிடிக்காது. அதனால் நான் நீதிபதியைப் பார்த்து உரக்கவே சொன்னேன். கோர்ட் அன்றைக்கு அத்துடன் எழுந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். மத்திய அரசின் சுங்க, கலால் வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தியவர். பிறகு அந்த வேலையை விட்டுத் தேர்தலில் நின்று, எங்கள் எல்லைப்புறத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். பாராளுமன்றத்துக்கும் போயிருக்க வேண்டியவர். ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தவன் நான், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அவர் எதிரியாகத்தான் அறிமுகம். நான் எலப்புள்ளிக்காரன். தீர்வை கட்டாத புகையிலை வியாபாரிகளுக்காக நான் வாதாடுவேன். அவர் எதிரில் நிற்பார். பெரும்பாலும் நான்தான் தோற்பேன். ஒருமுறை சமாதானமாகப் பேசி முடிக்கலாம் என்று அவரை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"வக்கீலே, இங்கே வேண்டாம். உள்ளே போய் ஜட்ஜுக்குக் கேட்கறாப்பலே சொல்லுங்கோ. நியாயமா இருந்தா நானே ஒத்துண்டுடறேன்" என்றார்.

சொன்னேன். ஒத்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்த நான்தான் பின்னால் அவருக்கே தேர்தல் ஏஜென்ட் ஆனேன்.

எம்.எல்.ஏ. ஆன பிறகும் அதே பழக்கம். காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ரகசியமாகக் கேட்க வந்தவரும் அங்கே உரக்கத்தான் கேட்க வேண்டும். தூரத்து மலையூரான மாட்டுப்பட்டியில் அரசாங்க வேலையிலிருந்த மருமகனை ஊர்ப்பக்கம் மாற்றித் தரும்படி ஒரு பெரியவர் வெட்கத்தில் நெளிந்துகொண்டே சத்தமாகக் கேட்டார். மூலையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏனுங்க, எம் பையன் மாட்டுப்பட்டிக்குத்தானுங்க மாத்தச் சொல்லிக் கேட்டுட்டிருக்கான்" என்றார். காரியம் அங்கேயே பாதி முடிந்தது.

"காதோட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் என் பின்னாலே வருஷக்கணக்கா அலைஞ்சிருப்பேள், கேட்டேளா?" என்று சிரித்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கட்சி அவரைப் பாராளுமன்றத்துக்கு நிறுத்தியது. அவர் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். "சட்டத்தை டெல்லியிலே எழுதறா. அதை வச்சு இங்கே ஆட்களை ஜெயிலுக்கு அனுப்பினவன் நான். எழுதற இடத்துக்கு ஒரு தரம் போகணும்" என்பார்.

பிரசாரத்துக்காக வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்குப் போனோம். அங்கே மாட்டு விலையை யாரும் வாயால் பேசுவதில்லை. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கடியில் கை கோத்து, விரல்களால் பேசிக்கொள்வார்கள். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. நீட்டிய கையிலிருந்து துண்டை விலக்குவது முகத்தில் அறைவதற்குச் சமம். கல்பாத்தியில் பிறந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

தரகர்களில் மூத்தவர் காசிம் ராவுத்தர். அவர் சொன்னால் சந்தை கேட்கும். அவருடைய மச்சானைப் புகையிலை வழக்கில் ஜெயிலுக்கு அனுப்பியவர் அனந்தராமன்தான். அந்த ராவுத்தர் சிரித்த முகத்தோடு வந்து, தோள்துண்டை வலது கைமேல் போட்டு நீட்டினார். அனந்தராமனின் முகம் மாறியது. மச்சானுக்காக ஏதோ ரகசிய பேரம் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துண்டை விலக்கி, "எதுவானாலும் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கோ, ராவுத்தரே" என்றார்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. ராவுத்தர் துண்டை வாங்கி உதறினார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. போயிட்டு வாங்க" என்று மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே நான் ராவுத்தர் வீட்டுக்கு ஓடினேன்.

"மச்சான் தப்புப் பண்ணினான், உள்ள போனானுங்க. அதுக்கா நான் கைய நீட்டுவேன்? எத்தன ஊரு நம்ம பக்கம் உறுதின்னு சொல்ல வந்தனுங்க. எதிர்க்கட்சி ஆளுக சுத்தி நிக்கறப்ப அத வாயில சொல்ல முடியுங்களா?" என்றார்.

இதை அப்படியே அனந்தராமனிடம் சொன்னேன். உடனே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று மன்றாடினேன்.

"இப்போ போனா அது ஓட்டுக்காகன்னு ஆயிடும், வக்கீலே. தேர்தல் முடியட்டும்" என்றார்.

நான் கத்தினேன். பிடிவாதக்காரர் என்று திட்டினேன். அவர் அசையவில்லை. சந்தைப்பக்கத்து ஊர்கள் கைவிட்டன. கொஞ்ச ஓட்டில் தோற்றார்.

முடிவு வந்த பிறகு கூடிய முதல் சந்தையன்று என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். ராவுத்தர் முன்னால் நின்று, தம் மேல்வேட்டியை எடுத்துத் தம் கைமேல் போட்டு நீட்டினார். ராவுத்தர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணிக்கடியில் கையை நுழைத்தார். துணி லேசாக அசைந்தது. இருவர் கண்களும் கலங்கியிருந்தன.

ஜீப்பில் ஏறியதும் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"துண்டுக்குள்ளே பேசினதாக்கும். வெளியிலே சொல்லப்படாது" என்றார்.

கட்சி அவரை மறுபடி டெல்லிக்கு நிறுத்தவில்லை. அதற்காக அவர் யாரிடமும் போய் நிற்கவுமில்லை. ஆசை மட்டும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பாராளுமன்றச் செய்தி வந்தால் ரேடியோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். மாடு வாங்கும் எண்ணமே இல்லாதவர், சந்தைக்கு மட்டும் அவ்வப்போது போய் வந்தார்.

அவர் காலமான செய்தி வந்த மறுநாள், கல்பாத்தியில் அவரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். காசிம் ராவுத்தர் முதல் பஸ்ஸில் வந்து தெருவோரம் தயங்கி நின்றார். அனந்தராமனின் மனைவி பார்த்துவிட்டு, "அவரை வரச் சொல்லுங்கோ" என்றார். கூட்டம் விலகியது. ராவுத்தர் அருகில் உட்கார்ந்து, துண்டை எடுத்து அனந்தராமனின் வலது கைமேல் விரித்து, அதனடியில் தம் கையை நுழைத்தார். துண்டு லேசாக அசைந்தது. பிறகு, பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல, கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன், அனந்தராமன் சார். துண்டுக்குள் இருந்தது உங்கள் இருவருடையது. போய் வாருங்கள்.