நாற்காலிக்காரருக்கு என்ன வேலை?

பெட்டிக்காரம்மா கடையில் தேய்த்த சட்டைமீது கொசு உட்காராது, உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்ளும் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அப்படி நொண்டிக்கொண்டு போன கொசு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், விடுங்கள். காலர் மட்டுமாவது உண்மை. வாரக் கடைசிவரை கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் காலர்.

கடை என்றால் ஒற்றை அறைதான். முன்பக்கம் கம்பளி விரித்த மேஜை, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். நடுவில் கனமான பழுப்புத் திரை. திரைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் இந்தப் பக்கம் பெட்டிக்காரம்மாவின் வாய் இருந்தது. துணி கொடுக்க வருகிறவர்கள் பத்து வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வாங்க வருகிறவர்கள் துணி இன்னும் தயாராகவில்லை என்றால் சந்தோஷப்படுவார்கள்.

கதைக்கு நாயகன் எப்போதும் அவள் புருஷன்தான்.

"எங்க வீட்டுல ரெண்டு நாற்காலி. ஒண்ணுல அவரு உக்காந்திருப்பாரு. இன்னொண்ணு, இது தேஞ்சு போச்சுன்னா மாத்திக்க."

"ஏன் பெட்டிக்காரம்மா, வேலைக்கே போகமாட்டாரா?" என்று தையல்காரி எடுத்துக் கொடுப்பாள். எதிர் வரிசையில் தையல் கடை வைத்திருப்பவள். பதில் தெரிந்தும் கேட்பாள்.

"ஏன் போகாம? காலையில எழுந்திரிக்கிற வேலை, சாயங்காலம் உக்கார்ற வேலை. நடுவுல ஓவர்டைம் வேற, கொட்டாவி விடறதுக்கு. நேத்து வந்த விருந்தாளி அவரு தோள்மேல ஈரத் துண்டைக் காயப்போட்டுட்டுப் போயிட்டான்னா பார்த்துக்கோயேன்!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே எதிரே பார்ப்பார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், மரச்சாமான் கடை வாசலில், பெரிய விளம்பரப் பலகைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அந்த மனிதர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். சிரிப்புச் சத்தம் கேட்டதும் தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்வார். தெருவே அவரை நாற்காலிக்காரர் என்றுதான் அழைத்தது.

ஒரு சாயங்காலம் காற்று அடித்தது. புயலெல்லாம் இல்லை, உலர்ந்த துணி கொடியைவிட்டு எழுந்து நிற்கிற அளவுக்கான காற்று. புதிதாக மாட்டிய அந்தப் பலகையை நாலு ஆணியில் நிற்க வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் பொருத்தியவர்கள். அது நாற்காலியின்மேல், அதில் இருந்தவர்மேல் விழுந்தது. அந்த நேரத்தில் பெட்டிக்காரம்மா ஒரு நாற்காலிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

இப்போது திரைக்குப் பின்னால் போவோம். அங்கே இன்னொரு மேஜை, இன்னொரு பெட்டி, வேர்வையில் ஊறிய ஒரு பனியன். அந்தக் கடையின் துணி முழுவதையும் தேய்த்தவர் நாற்காலிக்காரர்தான்.

பெட்டிக்காரம்மாவுக்கு மடிக்கத் தெரியும், எண்ணத் தெரியும், பேசத் தெரியும். பெட்டியைக் கையில் எடுத்தால் சட்டை முதுகில் உலக வரைபடம் விழும். கடை திறந்த புதிதில் அவர்தான் முன்னால் நின்று தேய்த்தார். முதலில் வந்த பெண்மணி மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "என் உள்பாவாடையை ஒரு ஆம்பளை தேய்க்கிறதா? நல்லா இருக்கே கதை!" இரண்டாவது வந்தவளும் அதையே சொன்னாள். அடுத்த வாரம் திரை வந்தது. அவள் முன்னால் வந்தாள், சூடேறாத பெட்டியோடு. அவர் பின்னால் போனார். புருஷன் உள்ளே இருக்கிறான் என்ற சந்தேகமே யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக, கூட்டம் கூடுகிற சாயங்கால நேரத்தில் அவரை எதிரே நாற்காலியில் உட்கார வைத்தது அவளுடைய மூளை. "சும்மா இருக்கிற மாதிரி நல்லா உக்காருங்க," என்று சொல்லி அனுப்புவாள். கதைகளில் பாதியை அவரே இரவுச் சாப்பாட்டின்போது எடுத்துக் கொடுத்தார். ஈரத் துண்டுக் கதை அவருடையதுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மகள், அவர் சாவுக்குப் பிறகு விடுப்புப் போட்டு வந்தாள். ஒரு வக்கீலையும் பிடித்தாள். தப்பு மரச்சாமான் கடைக்காரர்மீதும் பலகையைப் பொருத்தியவர்மீதும் என்று போலீஸே எழுதிவிட்டது. அந்தக் கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது.

"தப்பு யார் மேலங்கிறதுல சண்டையே இல்ல," என்றார் வக்கீல். "போனவரு வீட்டுக்கு என்னவா இருந்தாருங்கிறதுலதான் சண்டை. அதை அவங்க எடை போடுவாங்க."

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து எடை போட ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், கசங்கிய காலர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஐயா என்ன வேலை பார்த்தாரும்மா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திரையைப் பார்த்தாள். திரைக்கு இந்தப் பக்கம் தையல்காரி துணிக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"வீட்டுல இருந்தாருங்க," என்றாள் பெட்டிக்காரம்மா.

அவரும் தையல்காரியும் போனதும் மகள் வெடித்தாள். "ஏம்மா இப்படி? அப்பா கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. அதைக்கூடச் சொல்லமாட்டியா?"

"சொன்னா நாளைக்கு எவ துணி குடுப்பா? இத்தனை வருஷம் ஏமாத்தியிருக்கேனு காறித் துப்பமாட்டாங்க?"

"அப்பாவை ஒண்ணுமே செய்யாதவருனு அவங்க எழுதிக்கட்டும், அப்படித்தானே?"

பெட்டிக்காரம்மா தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

கசங்கிய காலர்க்காரர் தெருவில் வீடு வீடாகப் போனார். கடைக்கு இப்போது அவளேதான் தேய்த்தாள். வரைபடங்கள் விழுந்தன. "மனசு சரியில்ல, கை நடுங்குது," என்று சொல்லிக் கொடுத்தாள். டீச்சரம்மா சேலையில் கருகின இடத்தின்மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு போனாள், அந்த வெயிலில்.

கம்பெனியில் கூப்பிட்டு உட்கார வைத்த அறையில் நல்ல குளிர். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண், கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தாள்.

"இறந்தவர் எந்தப் பணியிலும் ஈடுபடவில்லை. வீட்டு வேலைகளிலும் பங்களிப்பு இல்லை. காலையில் எழுவதும் மாலையில் அமர்வதும் மட்டுமே அவருடைய அலுவல் என மனைவியே பலமுறை கூறியதாக அண்டை வீட்டார் தெரிவிக்கின்றனர். விருந்தினர் அவரை ஈரத் துணி உலர்த்தப் பயன்படுத்தியதாகவும் தகவல்."

தெருவில் இந்த வரிக்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த அறையில் ஏசிதான் சத்தம் போட்டது.

"அதனால இழப்புனு பெரிசா காட்ட முடியலைங்க," என்றாள் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "தவிர, வேலையில்லாம தினமும் அந்தப் பலகைக்குக் கீழயே ஏன் போய் உக்காந்தாருனு ஒரு கேள்வி இருக்கு."

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்காரம்மா எழுந்து நின்றாள். உட்கார்ந்தபடியே பேசலாம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழவில்லை.

"நான்தான் உக்காரச் சொன்னேன்."

மேஜைக்கு அடியில் வக்கீல் அவள் காலை மிதித்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"அவரு சும்மா இருக்கிறவருனு ஊருக்குக் காட்டணும். அதுக்கு உக்கார வெச்சேன். கடையில தேய்ச்சது அத்தனையும் அவருதான். எனக்குத் தேய்க்கவே வராது. அந்தக் கதையெல்லாம் நான் கட்டினது. அதைப் போய் நீங்க வாசிக்கிறீங்களே..."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். "அவரு தேய்ச்சதை யாராவது பார்த்திருக்காங்களா?"

"யாரும் பார்க்கக் கூடாதுனுதானே திரை போட்டேன்," என்றாள் பெட்டிக்காரம்மா.

வக்கீல் கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார்.

அன்று சாயங்காலம், தையல்காரியும் டீச்சரம்மாவும் இன்னும் சிலரும் கடையில் இருந்தபோது, அவள் திரையைப் பிடித்து இழுத்தாள். வளையங்களோடு கம்பியும் சேர்ந்து வந்தது. உள் மேஜை, உள் பெட்டி, ஆணியில் தொங்கிய பனியன்.

"உங்க துணியெல்லாம் இங்கதான் தேய்ச்சது. அவருதான் தேய்ச்சது. திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க."

யாரும் திட்டவில்லை. ஒருத்தி தரையைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள் டீச்சரம்மா.

"என்ன தெரியும்?"

"மக பிரசவத்துக்கு நீ போயிருந்தியே, அப்பவே. நீ காய்ச்சல்ல உள்ள படுத்திருக்கேனு அவரு சொன்னாரு. துணி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. படுத்துக்கிட்டே காலர் தேய்க்கிற பொம்பளையை நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பார்த்ததில்ல."

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்க்கா," என்றாள் தையல்காரி. "என் கடையில இருந்து பார்த்தா திரைக்கு அடியில ரெண்டு கால் தெரியும். உன் கால் இல்ல அது."

"அப்புறம் ஏண்டி அந்த ஆள்கிட்ட ஒண்ணுமே செய்யலைனு சொன்னீங்க?"

"உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுனுதான்! கம்பெனிக்காரன் வேவு பார்க்க வந்திருக்கான்னு நெனச்சோம். உன் கதையையே வரி மாறாம ஒப்பிச்சோம். நல்லா சொன்னோம்னு வேற சந்தோஷப்பட்டோம்."

டீச்சரம்மா சால்வை நுனியை முறுக்கினாள். "பிரசவத்துக்கு அப்புறம் அவருகிட்டயே கேட்டேன். எதுக்கு இந்த வேஷம், இப்பத்தான் யாரும் தப்பா நெனைக்கலையேனு. 'அவகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். திரையை எடுத்துட்டா அவ யாரைப் பத்திக் கதை சொல்லுவா? எனக்கும் அந்த நாற்காலி பிடிச்சிருக்கு, நல்லா காத்து வருது'ன்னாரு." நிறுத்திவிட்டுச் சொன்னாள், "நான் அப்பவே உன்கிட்ட சொல்லியிருந்தா அவரு அங்க உக்காந்திருக்கமாட்டாரு."

பெட்டிக்காரம்மா பனியனை ஆணியிலிருந்து எடுத்து மடித்தாள். மடிப்பு மட்டும் அவளுக்கு எப்போதுமே நன்றாக வரும்.

அடுத்த முறை கம்பெனிக்கு அவள் தனியாகப் போகவில்லை. பெண்கள் வரிசையாக வந்தார்கள். வாசல் காவலாளி ஊர்வலம் என்று நினைத்துச் சல்யூட் அடித்தான் என்று சொல்வார்கள். அதைப் பாதி நம்பினால் போதும். ஆளுக்கொரு பொட்டலம் வைத்திருந்தார்கள். அவர் கடைசியாகத் தேய்த்த துணிகள், பிரிக்க மனசு வராமல் அலமாரியில் வைத்திருந்தவை. டீச்சரம்மா ஒரு சட்டையை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில், அன்றைக்குச் சால்வைக்குள் மறைத்த கருகின சேலையையும் விரித்தாள்.

"இது அவரு போனதுக்கு அப்புறம் வந்தது. இது போறதுக்கு முன்னாடி வந்தது. நாங்க முதல்ல சொன்னது பொய். இப்பச் சொல்றது நிஜம். எழுதிக்கோங்க."

கசங்கிய காலர்க்காரர் கருகலையும் பார்த்தார், காலரையும் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். கம்பெனி ஒத்துக்கொண்டது. இறந்தவர் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டு அதற்குரியதைக் கொடுத்தது.

கையெழுத்துப் போட்ட பிறகும் பெட்டிக்காரம்மா எழுந்திருக்கவில்லை.

"அந்த இன்னொரு கேள்வி? அங்க ஏன் உக்காந்தாருனு கேட்டீங்களே?"

"அதை எடுத்துட்டோம்மா," என்றாள் அதிகாரி. "பலகை விழுந்ததுக்கு நாற்காலி காரணமில்ல. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டோம்."

கம்பெனி அவளை விட்டுவிட்டது. அவள்தான் தன்னை விடவில்லை. பணத்தை மகள் பெயரில் போட்டுவிட்டு, பழையபடி கடையைத் திறந்தாள். திரை இல்லை. உள் மேஜையில் எல்லோர் கண்ணெதிரிலும் நின்று அவர் பெட்டியால் தேய்த்தாள். வரைபடங்கள் குறைந்து தீவுகளாயின, தீவுகள் புள்ளிகளாயின. காலர் இன்னும் அவர் காலர் ஆகவில்லை. கூட்டம் வந்தது, காத்திருந்தது. கதை மட்டும் இல்லை. தையல்காரி இரண்டொரு தடவை எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். பெட்டிக்காரம்மா தண்ணீர் தெளிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி ஒருநாள் மூட்டையோடு வந்தாள். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தாள். ஒரு கால் வளைந்திருந்தது, ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டியிருந்தது.

"உக்காரலாமாம்மா? யாராவது வருவாங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நாற்காலி என்ற சொல்லுக்குப் பிறகு அந்தக் கடையில் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சரம்மாவின் கை வாயைப் பொத்தக்கூடத் தயாரானது.

பெட்டிக்காரம்மா விரலை நனைத்துப் பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சுர்ரென்றது.

"உக்காரும்மா. இங்க இஸ்திரி போட்டவரோடது," என்றாள்.