இடது கையைப் படம் பிடித்தவர்

செல்வம் அண்ணன் காலமாகிவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்தாள்... சைதாப்பேட்டை வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன்.

கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் கேமரா அசிஸ்டென்டாக இருந்தவர். எனக்கு அவரைத் தெரிய வந்தது என் இடது கையால்.

எழுபதுகளின் தொடக்கம். தி. நகரில் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். முந்தைய தீபாவளிக்குப் புஸ்வாணம் கையிலேயே வெடித்தது. தீப்புண் ஆறியபோது மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. பள்ளியில் கை எப்போதும் தாவணிக்குள்தான்...

மயிலாப்பூரில் எனக்கு ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டர் ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் விரல்கள் அசைவதைப் படம் பிடித்து, ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பது. மூட்டுக்கு மூட்டு கறுப்பு மையால் ஒரு புள்ளி. படம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வம் அண்ணன் வருவார்.

முதல் நாள் லைட் மட்டும் பார்த்தார்கள். அப்போது அவரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, தழும்பு தெரியாம எடுக்க முடியுமா?"

"இவ்ளோதானா பாப்பா? ஹீரோயினுக்கே அம்மைத் தழும்ப மறைக்கிறோம், உன் கைக்கு இன்னா கொறச்சல்."

அடுத்த ஞாயிறு மேக்கப் மேனிடம் பான்கேக் பூச்சு வாங்கி வந்து விரல் விரலாகப் பூசிவிட்டார். வேறு யாருடைய கையோ போல அழகாக இருந்தது...

டாக்டர் புள்ளி வைத்தார். பூச்சின் மேல் மை வழுக்கியது.

"செல்வம், என்னய்யா இது, கைக்கு மேக்கப்பா? தோல் எங்க இழுக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

"பழக்க தோஷம் சார்," என்றார் அண்ணன்.

"நான்தான் கேட்டேன் சார்," என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, நர்ஸ், இரண்டு மாணவ டாக்டர்கள்... நான் கையை ஒளிக்கிறேன் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. நர்ஸ் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கத் தழும்பு திரும்பி வந்தது. நான் தலை நிமிரவே இல்லை.

லைட்டைத் திருப்பிக்கொண்டே அண்ணன் சொன்னார். "கேமராவுக்கு நீ யாருன்னே தெரியாது பாப்பா. மடக்கு... இப்ப நீட்டு. அவ்ளோதான்."

பிறகு படத்தைச் சுவரில் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, புள்ளிகளைத் தாளில் கோடுகளாக இணைத்தார்கள். ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்து நீட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு, "நீயே அளந்து சொல்லு," என்றார்.

என் சுண்டு விரலை நானே அளந்தேன். தாளில் தழும்பு இல்லை. கோணம் மட்டும்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன. ஒளிப்பது மட்டும் நிற்கவில்லை. இங்கே ஃபேஸ்புக்கில் நான் போட்ட போட்டோ எதிலும் இடது கை இருக்காது... தேடிப் பாருங்கள்.

அண்ணன் மகள் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போதும் கை முந்தானைக்குள். போட்டோகிராஃபர் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "கைய வெளிய எடு பாப்பா. நான் பாக்காத கையா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முகமெல்லாம் சுட்டது. எடுக்கவில்லை.

இன்று ரோஜா மாலை வாங்கிப் போயிருந்தேன். கூடம் நிறைய ஆட்கள். மாலையை ஒரு கையால் போட முடியாது...

இரண்டு கையாலும் போட்டேன்.

நீங்கள் பார்க்காத கையா, அண்ணே. போய் வாருங்கள்.