பாலுக்காக வேண்டினேன், இரண்டு உயிரைத் தந்தாள்

ஒன்பதாம் நாள் எங்கள் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டாள். நான் நிம்மதியடைந்தேன். இதை இன்று உங்களிடம் சொல்லும்போதும் உடம்பு கூசுகிறது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. குலதெய்வம் இசக்கியம்மன். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் போன ஆடியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. என் மனைவி சுபாவுக்குப் பால் சுரக்கவில்லை.

கடையில் இல்லாத சரக்கா? வெந்தயமும் பூண்டும் கொண்டுவந்து கொட்டினேன். காலையில் வெந்தயக் கஞ்சி. மதியம் முருங்கைக்கீரையும் பப்பாளிக்காய்க் கூட்டும். சாயந்திரம் தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கலந்த பால். ஒவ்வொரு வேளையும் தட்டை எடுக்கும்போது என் அம்மா, "இப்பமாவது வருதா?" என்று கேட்பாள். நானும் கேட்டேன்.

"பொடிப்பால் வாங்கிக் குடுப்போமா?" என்று சுபா ஒருமுறை கேட்டாள்.

"நம்ம குடும்பத்துல யாரும் பொடிப்பால் குடிச்சு வளந்ததில்ல, கேட்டியா" என்றாள் அம்மா. நானும் வாங்கிவரவில்லை. தினமும் குளித்துவிட்டு அம்மன் படத்துக்கு முன்னால் நின்று பால் மட்டும் கேட்டேன்.

எட்டாம் நாள் சுபா தட்டைத் தள்ளி வைத்தாள். "எல்லாத்தையும் தின்னாச்சு. பின்னயும் பால் இல்லன்னா நான் எதுக்கு இருக்கணும்?"

"இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

மறுநாள் காலையில் பிள்ளை அழாததால் நிம்மதியாகக் கடைக்குப் போனேன். மதியம் அம்மாவின் போன். "மக்கா, சுபா பிள்ளையையும் தூக்கிட்டு எங்கயோ போயிட்டா. போன் கட்டில்ல கெடக்கு. செருப்பும் இங்கதான் இருக்கு."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. நேரே அங்கேதான் ஓடினேன். எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நினைத்தபடியே ஒவ்வொரு புதராகப் பார்த்தேன். ஒரு ரயில் கடந்து போயிற்று. ஜல்லிக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். "தாயே, பால் வேண்டாம். ரெண்டு பேரையும் திருப்பித் தா" என்று கதறினேன். பிள்ளை பிறந்த பிறகு மனைவிக்காக நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்து எழுந்திருக்கும் முன்பே போன் அடித்தது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். "சுபாயுடெ பர்த்தாவல்லே? குஞ்ஞு இவிடெ அட்மிட்டாணு. வேகம் வரணம்." பிள்ளையை அங்கே சேர்த்திருக்கிறார்களாம், உடனே வரச் சொன்னார்.

போனபோது சுபா வெறுங்காலோடு, நைட்டிமேல் துண்டைப் போர்த்தி நின்றாள். பிள்ளையின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா தமிழ்க்காரர். "பிள்ளை உடம்புல தண்ணியே இல்ல. மூத்திரம் போயி எவ்வளவு நேரமாச்சுன்னு பாத்தீங்களா?" நான் சுபாவைத் திரும்பிப் பார்த்தேன். "இவங்க பாத்திருக்காங்க. நாளைக்குக் கொண்டுவந்திருந்தா கஷ்டம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன் சுபாவிடம்.

"உங்ககிட்ட சொன்னா நீங்க அம்மைகிட்ட கேப்பீங்க. அதான் சொல்லல்ல."

மூன்று நாள் பிள்ளை கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. வராந்தாவில் அம்மா ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் உட்கார்ந்திருந்தோம். நான்காம் நாள் காலையில் பிள்ளை அழுதாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

பொடிப்பாலைக் கரைத்து, சங்கு போன்ற பாலாடையில் கொடுத்தார்கள். பிள்ளையைச் சரியாகப் பிடித்து அடிக்கடி சப்ப வைக்க நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். "முருங்கைக்கீரை நல்லதுதான். சிலருக்கு உதவவும் செய்யலாம். ஆனா பிள்ளை பட்டினி கெடக்கும்போது அத நம்பி இருக்கப்படாது" என்றார் டாக்டரம்மா. மூன்றாம் வாரம் சுபாவுக்குக் கொஞ்சம் பால் ஊறியது. எதனால் ஊறியது என்று எனக்குத் தெரியாது. இன்றும் பாதிக்குப் பாதி பொடிப்பால்தான்.

சுபா முழுக்கத் தேறவில்லை. சில நாள் யாரிடமும் பேசமாட்டாள். அதற்கும் மருத்துவம் பார்க்கிறோம். நான் அவளிடம் பால் வந்ததா என்று கேட்பதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறேன். அம்மாவும் இப்போது அப்படித்தான் கேட்கிறாள்.

நான் கேட்ட பாலை இசக்கித்தாய் அப்போது தரவில்லை. கேட்கத் தெரியாத எனக்காக, என் மனைவிக்குக் கண்ணும் துணிச்சலும் கொடுத்து வாசல் தாண்ட வைத்தாள். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால், அவள் சொல்வதற்குக் காதுகொடுங்கள். பிள்ளை சோர்ந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓடும்போதே அம்மனைக் கூப்பிடுங்கள். இசக்கி இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவள். கூட ஓடிவருவாள்.